கூட்டம் வேறு, வாடிக்கை வேறு

சிறு தொழில் செய்பவர்களுக்கு இன்று எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அறிவுரைதான் வருகிறது. "டிரெண்டைப் பிடிங்க. எந்தப் பாட்டு ஓடுதோ அதுக்கு ஒரு ரீல்ஸ் போடுங்க. எந்த டயலாக் சுத்துதோ அதைக் கடை வாசல்ல நின்னு சொல்லுங்க. ஒண்ணு வைரல் ஆனா போதும், கடை எங்கேயோ போயிடும்." வணிகர் சங்கக் கூட்டங்களில் இதைச் சொல்கிறார்கள். டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பு நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். கல்லூரி முடித்து வந்த மகன், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் சொல்கிறான். கேட்கிற கடைக்காரருக்கும் அது சரியென்றே படுகிறது. பெரிய கம்பெனிகளைப் போல டிவியில் விளம்பரம் கொடுக்க அவரிடம் பணம் இல்லை. கையில் போன் இருக்கிறது.

இந்த அறிவுரை தவறானது. பலருக்குப் பலிப்பதில்லை என்பது அதன் சின்னக் குறைதான். பலித்தவர்களையும் அது கெடுக்கிறது என்பதே என் வாதம். ஒரு சிறு கடை எதைக் கொண்டு பிழைக்கிறது என்பதையே அது தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

கடையைப் பற்றி நாலு பேருக்குச் சொல்வதை நான் எதிர்க்கவில்லை. சொல்லத்தான் வேண்டும். காலையில் வந்திறங்கிய காய்கறியைப் படம் எடுத்துப் போடுவதும், புதிதாக வந்த சுங்குடிச் சேலையை விரித்துக் காட்டுவதும் வியாபாரம். ஆனால் ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் வேறு ஏதோ ஒன்றின் முதுகில் கடையை ஏற்றி அனுப்புவதைத்தான் டிரெண்டைப் பிடிப்பது என்கிறார்கள். அதில் மக்கள் பார்க்க வந்தது அந்த வேறொன்றை. பார்த்துவிட்டு நினைவில் வைத்துக்கொள்வதும் அதைத்தான்.

முதலில் "பைசா செலவில்லை" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். ஒரு டிபன் கடைக்காரரின் நாள் விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. மாவு, காய், சிலிண்டர், லீவு போட்ட மாஸ்டருக்கு மாற்று ஆள் என்று வரிசையாக வேலை. டிரெண்ட் சில நாளில் செத்துவிடும். இன்றைக்கே எடுத்தாக வேண்டும். அதனால் எடுக்கும் நேரம் சாம்பாரை ருசி பார்க்கும் நேரத்திலிருந்தோ, மேசை துடைத்திருக்கிறதா என்று பார்க்கும் நேரத்திலிருந்தோதான் வருகிறது. முதலாளியின் கவனம்தான் சிறு கடையின் உண்மையான முதலீடு. அதைச் செலவழித்துவிட்டு இலவசம் என்று சொல்வது கணக்கே ஆகாது.

பணச் செலவும் பின்னாலேயே வருகிறது. ஃபேஸ்புக் பக்கம் தொடங்கினால் போதும், வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசலாம் என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே அறிவுரைக்காரர்கள் சொன்னார்கள். 2013 அக்டோபரில் ஒரு பக்கத்தின் பதிவு அதைப் பின்தொடர்பவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்குச் சென்றது என்றும், 2014 பிப்ரவரிக்குள் அது 6 சதவீதமாகச் சரிந்தது என்றும் ஓகில்வி விளம்பர நிறுவனம் கணக்கிட்டது. 2018 ஜனவரியில், நிறுவனங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே முன்னிடம் என்று மார்க் சக்கர்பர்க் அறிவித்தார். பழைய அளவுக்குப் பார்வை வேண்டும் என்றால் பணம் கட்டி 'பூஸ்ட்' செய்ய வேண்டியதாயிற்று. ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தவர் கடைக்காரர். அந்த ஆட்களிடம் போகக் கட்டணம் கேட்டது மேடையின் சொந்தக்காரர்.

அடுத்து, லட்சக்கணக்கில் வரும் பார்வைகள். கரூரில் நாற்பது பேர் உட்காரக்கூடிய ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். காலை 7 முதல் 10 வரை பரபரப்பான நேரம். ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மொத்தம் 240 பேர் சாப்பிடலாம். அதற்கு மேல் ஒரு ஆளுக்குக்கூட அங்கே இடம் இல்லை. இந்தக் கடையின் ரீல்ஸ் ஐந்து லட்சம் பார்வை பெற்றால் அதில் எத்தனை பேர் கரூரில் இருக்கிறார்கள்? எத்தனை பேர் காலை எட்டு மணிக்கு அந்தத் தெரு வழியாகப் போகிறார்கள்? கோலாலம்பூரில் தூக்கம் வராமல் ஒருவர் பார்த்து இதயக்குறி போட்டதால் கல்லாவில் என்ன விழும்? பின்தொடராத, முன்பின் தெரியாத ஆட்களின் முன்னால் காணொளியைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் ரீல்ஸின் வேலையே. அந்த ஆள் தங்கள் செயலியை விட்டு நகராமல் இருக்க வேண்டும் என்பதே மேடைக்காரர்களின் நோக்கம். அவர் உங்கள் கடைக்கு வர வேண்டும் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை.

சரி, அவ்வளவையும் மீறிக் கூட்டம் வந்துவிட்டது என்றே கொள்வோம். அப்போது என்ன நடக்கிறது என்பதற்கு நாடறிந்த சாட்சி ஒன்று இருக்கிறது.

தெற்கு டெல்லியின் மாளவியா நகரில் வயதான தம்பதி நடத்தி வந்த சிறு சாப்பாட்டுக் கடை 'பாபா கா தாபா'. ரொட்டி, பருப்பு, காய்கறி, சோறு. ஏறக்குறைய முப்பது ஆண்டு ஓடிய கடை. கொரோனா முடக்கத்தில் வியாபாரம் படுத்துவிட, அந்தப் பெரியவர் கண்ணீர் விட்ட காணொளி 2020 அக்டோபரில் ஒரே இரவில் நாடு முழுக்கப் பரவியது. திரை நட்சத்திரங்கள் பகிர்ந்தார்கள். மறுநாள் கடை முன்னால் வரிசை. கேமராக்கள். செல்ஃபிகள். பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயர்ப் பதாகைகளை அந்தக் கடை மீது கொண்டுவந்து மாட்டின. நன்கொடை குவிந்தது, அந்தப் பணம் தொடர்பான பிணக்கு காவல் நிலையம் வரை போனது. டிசம்பரில் பெரியவர் ஒரு உணவகமே திறந்தார். வாடகை, மூன்று ஆட்கள் சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து மாதம் ஒரு லட்சம் ரூபாய் செலவானது. வரவு நாற்பதாயிரத்தைத் தாண்டவே இல்லை என்று அப்போதைய செய்திகள் சொல்லின. 2021 பிப்ரவரியில் உணவகத்தை மூடிவிட்டு அவர் பழைய கடைக்கே திரும்பினார். அங்கும் கூட்டம் இல்லை.

இதில் சமையல் கெட்டுப்போகவில்லை. வந்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. பெரும்பாலோர் நல்ல மனதோடு வந்தவர்கள். அவர்கள் ஒருமுறை வந்தார்கள், அவ்வளவுதான். மாளவியா நகரில் குடியிருந்து தினமும் பசிக்கிற ஆட்கள் அவர்கள் இல்லை. ஆனால் கடை முன்னால் நின்ற வரிசையைப் பார்த்த ஒரு முதியவருக்கு அது எப்படித் தெரியும்? இத்தனை பேர் வருகிறார்கள், இனி இதுதான் என் வியாபாரத்தின் அளவு என்று அவர் நம்பினார். வைரல் செய்யும் பெரிய கெடுதல் இதுதான் என்று நினைக்கிறேன். கடைக்காரருக்குத் தன் கடையின் உண்மையான அளவை அது மறைத்துவிடுகிறது. அந்தப் பொய் அளவை நம்பி அவர் அட்வான்ஸ் கொடுக்கிறார், ஆள் எடுக்கிறார், தண்டலுக்கு வாங்குகிறார். கூட்டம் கலைந்த பிறகும் தவணை கலைவதில்லை.

அந்தக் கூட்டம் இருக்கும்போதே இன்னொன்றும் நடக்கிறது. தினமும் எட்டு மணிக்கு வந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஓடும் பஸ் கண்டக்டர், வரிசையைப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போகிறார். அங்கேயும் பொங்கல் நன்றாகத்தான் இருக்கிறது என்று கண்டுகொள்கிறார். வருடம் முந்நூறு நாள் வருகிற ஒருவரை இழந்து, ஒருமுறை படம் எடுக்க வந்தவருக்கு நாற்காலி கொடுத்திருக்கிறார் முதலாளி.

இதற்குப் பதில் சொல்லத் திருவிழாவைக் காட்டுகிறார்கள். தேர்க்கூட்டத்தில் கடை விரிக்கிறவன் புத்திசாலி, அதைப் போலத்தான் இதுவும் என்கிறார்கள். ஆனால் சித்திரைத் திருவிழாவின் நாள் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. கூட்டம் எந்த வீதியில் வரும் என்று தெரியும். எவ்வளவு சரக்கு போட வேண்டும் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருப்பார். அடுத்த வருடமும் அதே கூட்டம் அதே இடத்துக்கு உடம்போடு வரும். டிரெண்டுக்கு இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. என்றைக்கு வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத கூட்டத்துக்குத் தயாராக இருக்கவே முடியாது. 2021 ஜூலையில் மதுரை செல்லூரில் ஒரு பிரியாணிக் கடை திறப்பு விழாவுக்கு, ஐந்து பைசா நாணயம் கொண்டுவந்தால் பிரியாணி என்று அறிவித்தார்கள். கொரோனா காலத்தில் முந்நூறு பேருக்கு மேல் வந்து நெரித்ததில், ஷட்டரை இழுத்து மூட வேண்டியதாயிற்று. கடைக்குக் கிடைத்த முதல் பேரே மூடிய கடை என்பதுதான்.

எதிர்த் தரப்பு எப்போதும் முன்வைக்கும் வெற்றிக் கதைகள் மூன்று. அவற்றை நேராகவே பார்த்துவிடலாம்.

முதல் கதை ஓரியோ பிஸ்கட்டுடையது. 2013 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியில் மின்சாரம் போய் ஆட்டம் 34 நிமிடம் நின்றது. இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் முக்கித் தின்னலாம் என்ற பொருளில் ஓரியோ ட்விட்டரில் ஒரு படம் போட்டது. உலகமே கைதட்டியது. இன்றுவரை எல்லா மார்க்கெட்டிங் வகுப்பிலும் இதுதான் பாடம். அந்த வகுப்புகளில் விட்டுவிடும் பகுதியைச் சொல்கிறேன். ஓரியோ 1912 முதல் விற்கும் பண்டம். அன்றைய ஆட்டத்துக்கென்றே எழுதுகிறவர், வரைகிறவர், அனுமதி கொடுக்கும் அதிகாரி எல்லோரும் அடங்கிய பதினைந்து பேர் கொண்ட அணி தயாராக உட்கார்ந்திருந்தது. முப்பது விநாடிக்கு ஏறக்குறைய 40 லட்சம் டாலர் விலை போன அதே ஒளிபரப்பில் ஓரியோ டிவி விளம்பரமும் வாங்கியிருந்தது. அமெரிக்காவின் எந்த மூலைக் கடைக்குப் போனாலும் பிஸ்கட் அலமாரியில் இருந்தது. இதில் எது அவிநாசி பேக்கரிக்காரரிடம் இருக்கிறது?

இரண்டாவது அமுல். நாட்டு நடப்பை வைத்து அமுல் விளம்பரம் போடுகிறதே, அது டிரெண்ட் இல்லையா என்கிறார்கள். இது மதிக்க வேண்டிய கேள்வி. 1966-இல் சில்வெஸ்டர் டகூன்ஹாவின் விளம்பர நிறுவனம் உருவாக்கிய அந்தப் புள்ளிச் சட்டைச் சிறுமி, ஏறக்குறைய அறுபது ஆண்டாக அதே முகம், அதே சட்டை, அதே வெண்ணெய். செய்தி வாரத்துக்கு வாரம் மாறுகிறது, சிறுமி மாறவில்லை. கிரிக்கெட் ஆனாலும் தேர்தல் ஆனாலும் அவள் வீட்டுக்கு வந்து வெண்ணெய் தின்றுவிட்டுப் போகிறது. இன்று ரோபோவாக, நாளை பேயாக, மறுநாள் ஏதோ ஒரு படத்தின் வில்லனாக வேடம் மாற்றும் கடை இதற்கு நேர் எதிரானது. அமுலுக்குப் பின்னால் ஆனந்தில் 1946-இல் தொடங்கிய கூட்டுறவும், ஊர் ஊராகக் காலை மாலை பால் அளந்து எடுக்கும் ஏற்பாடும் நிற்கின்றன. விளம்பரம் நினைவூட்டியது, விற்றது பால்.

மூன்றாவது நம் புதுக்கோட்டை. சின்ன வீரமங்கலத்தின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2018-இல் தொடங்கி, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனலானது. டிரெண்டால் முன்னுக்கு வந்ததற்கு இதையே உதாரணம் காட்டுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் எந்த டிரெண்டையும் துரத்தவில்லை. அதே வயல்வெளி, அதே பெரிய பாத்திரம், அதே தாத்தா, அதே கூவல், கடைசியில் பந்தி. ஒரே காரியத்தை விடாமல் செய்தார்கள். தவிர, அவர்கள் தயாரிக்கும் சரக்கே காணொளிதான். சிமென்ட் கடைக்காரருக்கும் தையல்காரருக்கும் காணொளி சரக்கு இல்லை.

டிரெண்டைப் பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே முகமாகிவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் ஜிப்லி பாணிப் படங்கள் வந்தபோது நகைக்கடை, பல் மருத்துவமனை, ரியல் எஸ்டேட், டிராவல்ஸ் என்று எல்லோரும் அதே பஞ்சுமேக வானத்தின் கீழ் தங்கள் கடையை வரைந்து போட்டார்கள். அவற்றில் ஒரு கடையின் பெயரை இன்று யாராவது சொல்ல முடியுமா? துபாய் சாக்லேட்டும் அப்படித்தான். துபாயின் ஃபிக்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்த, பிஸ்தாவும் குனாஃபாவும் அடைத்த சாக்லேட்டை ஒருவர் சாப்பிடும் டிக்டாக் காணொளி 2023 டிசம்பரில் வெளிவந்து, அடுத்த வருடம் உலகத்தைப் பிடித்துக்கொண்டது. லிண்ட் முதல் நம் ஊர் பேக்கரி வரை எல்லோரும் செய்தார்கள். பிஸ்தா விலை உலகச் சந்தையில் ஏறியது. தனக்கென்று ஒரு தேங்காய் பன்னோ, மக்ரூனோ வைத்திருந்த பேக்கரி, விலையேறிய பிஸ்தாவை வாங்கி, பக்கத்துக் கடையிலும் கிடைக்கும் ஒன்றைச் செய்தது. தூத்துக்குடி மக்ரூனைத் தூத்துக்குடியில் தேடி வாங்குகிறார்கள். துபாய் சாக்லேட்டை எந்தக் கடையில் வாங்கினோம் என்பதே வாங்கியவருக்கு நினைவிருக்காது.

டிரெண்டுக்காகச் சரக்கையே மாற்றுவதில் உயிர் ஆபத்தும் உண்டு. புகை பிஸ்கட் என்று ஒன்று ஓடியது. மைனஸ் 196 டிகிரி குளிரிலுள்ள திரவ நைட்ரஜனைப் பிஸ்கட்டில் ஊற்றிக் கொடுப்பார்கள். தின்றால் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் புகை வரும். பக்கத்தில் நிற்பவர் படம் எடுப்பார். கர்நாடகத்தின் தாவணகெரேயில் அதைத் தின்ற சிறுவன் துடித்த காணொளி 2024 ஏப்ரலில் பரவிய பிறகுதான் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. ருசிக்காகச் செய்த பிஸ்கட் அல்ல அது. கேமராவுக்காகச் செய்தது. உணவு விற்கிறவர் கேமராவுக்காகச் சமைக்கத் தொடங்கும் இடம் எவ்வளவு மோசமானது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

பாட்டு விஷயத்தில் பலருக்கு விவரமே தெரியவில்லை. செயலியில் பாட்டு இருக்கிறது, எடுத்துப் போட்டோம், இதில் என்ன தப்பு என்கிறார்கள். தனி ஆள் தன் வீட்டு விசேஷத்துக்குப் போடுவதும், கடை தன் சேலையை விற்கப் போடுவதும் சட்டத்தின் முன் ஒன்றாகாது. வணிகக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் முழுப் பாடல் தொகுப்பைத் தருவதில்லை; அதைத் தாண்டத்தான் சிலர் தனிநபர் கணக்கில் கடையை நடத்துகிறார்கள். அமெரிக்காவில் பேங் எனர்ஜி என்ற பான நிறுவனம், டிக்டாக்கில் கிடைக்கும் பாட்டைத்தானே போட்டோம் என்று வாதாடியதை 2022-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024-இல் மேரியட் ஓட்டல் மீது சோனியும், 2025-இல் கிரம்பிள் பிஸ்கட் கடைகள் மீது வார்னரும் இதே காரணத்துக்காக வழக்குப் போட்டார்கள். அதெல்லாம் அமெரிக்கா என்று இருந்துவிட வேண்டாம். 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் தன் பாட்டைப் பயன்படுத்தியதற்காக இளையராஜா 2024-இல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். படத் தயாரிப்பாளருக்கு வந்த நோட்டீஸ் பாத்திரக் கடைக்கு வராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இவ்வளவும் போக, நிற்கும் தரையே நம்முடையதில்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. இந்தியாவில் சுமார் 20 கோடிப் பேர் பயன்படுத்திய செயலி அது. அதில் ஆடிப்பாடிச் சேர்த்த ஃபாலோயர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் இல்லாமல் போனார்கள். ஒரு நோட்டில் வாடிக்கையாளர்களின் போன் நம்பரை எழுதி வைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கு எந்த நஷ்டமும் இல்லை. போனை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது என்றால் அந்த நோட்டிலிருந்து தொடங்கலாம். கூகுள் மேப்பில் கடை திறக்கும் நேரம் சரியாக இருக்கிறதா, வாட்ஸ்ஆப்பில் கேட்டால் அன்றைக்கே பதில் வருகிறதா, சேலையின் நிறமும் விலையும் படத்தில் உள்ளபடியே இருக்கிறதா. இதைப் பார்த்துக் கைதட்ட யாரும் வரமாட்டார்கள். வாங்குகிறவர் வருவார்.

கடைசியாக ஒன்று. எனக்கு இதுதான் முக்கியமானது. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் டிரெண்டுக்கு ஆட நிறுத்தப்படுவது யார்? முதலாளியின் மகள் இல்லை. மாதச் சம்பளத்துக்கு நிற்கும் விற்பனைப் பெண்கள். இவர்களின் வாழ்க்கையை 2010-இல் 'அங்காடித் தெரு' திரையில் காட்டியபோது தமிழ்நாடே கலங்கியது. நாள் முழுக்க நின்று கால் வீங்கும் அவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021-இல் திருத்தியது. உட்காரும் உரிமைக்கே சட்டம் தேவைப்பட்ட இடத்தில், ஆடமாட்டேன் என்று சொல்லும் உரிமை தானாக எப்படி வந்திருக்கும்?

"அவங்களே ஆசையாத்தான் ஆடுறாங்க" என்பது வழக்கமான பதில். சிலர் ஆசைப்பட்டே ஆடுகிறார்கள்; அது அவர்கள் விருப்பம். சூப்பர்வைசர் கூப்பிட்டு நிறுத்தும்போது, தலையை ஆட்டிவிட்டு உள்ளுக்குள் கூசுகிறவர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அந்தக் காணொளியின் கீழே அவள் உடம்பைப் பற்றி முகம் தெரியாதவர்கள் எழுதுவதை அவளும் படிக்கிறாள், ஊரிலுள்ள அவள் அண்ணனும் படிக்கிறான். வேலையை விட்டுப் போன பிறகும், கல்யாணம் ஆன பிறகும் அந்த ஆட்டம் கடையின் பக்கத்தில் இருக்கிறது. யாரோ இறக்கி, வெட்டி, வேறு பாட்டைச் சேர்த்து மறுபடி ஏற்றுகிறார்கள். சேலையை மடித்துக் காட்டவும் விலை சொல்லவும்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். முகத்தையும் உடம்பையும் ஊருக்குக் காட்டுவதற்கு என்று யாரும் தனிச் சம்பளம் பேசவில்லை.

பேச வேண்டும். காணொளியில் வருகிறவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், மறுத்தவருக்கு ஷிஃப்டிலோ லீவிலோ இன்சென்டிவிலோ கை வைக்கக் கூடாது, நடித்ததற்குத் தனிக் கூலி கொடுக்க வேண்டும், வேலையை விட்டுப் போகும்போதோ அவர் கேட்கும்போதோ அதை நீக்கித் தர வேண்டும். பதினைந்து விநாடிக் காணொளிக்கு இவ்வளவா என்று கேட்கும் முதலாளி, நடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களைக் கூலி கொடுத்துக் கூப்பிடட்டும். அந்தச் செலவு கட்டாது என்றால் அந்த ரீல்ஸ் வேண்டாம்.